ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே

எங்கள் சபுர்தாலோ குடியிருப்பில்
லிஃப்ட் ஏறுவதற்கு இருபது டெத்ரி.
இறங்குவது இலவசம்.
அன்று காசை விழுங்கிவிட்டு
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது.

உள்ளே நான்கு பேர்.
தர்பூசணித் தோல் நிரம்பிய குப்பைப் பையோடு நான்,
கீழே போகவேண்டியவன்,
சோம்பலில் மேலே போகிற லிஃப்டில் ஏறிக்கொண்டவன்.
பல் மருத்துவர் சியாலா.
டாக்ஸி ஓட்டும் மல்காஸ்.
பத்து நாள் வாடகைக்கு வந்திருக்கும்
ராட்டர்டாம்காரி மார்லூஸ். அவள் கையில் ஒரு நோட்டு.
போகிற நகரத்துக்கெல்லாம் மதிப்பெண் போடுகிறாளாம்:
நடைபாதை, பூங்கா, ராத்திரி பஸ், காபி.

"எங்கள் ஊருக்கு எவ்வளவு?" மல்காஸ் கேட்டார்.
"ஆறரை."

லிஃப்ட் அறுந்து விழுந்திருந்தாலும்
அவர் முகம் அப்படிப் போயிருக்காது.

"பூங்காவை எண்ணினால் ஆறரைதான் வரும்.
பேச்சுவார்த்தை இல்லாத மச்சானிடம்
மாட்டிக்கொள்ளாமல் வீட்டுக்கு வர
எத்தனை வழி என்று எண்ணிப் பார்.
குத்தாயிசியில் ஒன்று. அதிலும் அவன் கடை இருக்கிறது.
இங்கே எனக்கு ஒன்பது வழி.
அந்த ஒன்பதுதான் அம்மா, கொண்டாட்டம்."

சியாலா சிரிக்கவில்லை.
"ராத்திரி இரண்டு மணி.
சாவியை விரலிடுக்கில் கத்திபோலப் பிடிக்காமல்
ஒரு பெண் வீட்டுக்கு நடந்து வருகிறாள்,
வழியில் நின்று ஐஸ்கிரீம்கூட வாங்குகிறாள்.
அதற்குப் பெயர்தான் ஜாலி.
மற்றதெல்லாம் சீரியல் பல்பு."

"சொல்லியிருந்தால் நான் கூட்டி வந்திருப்பேனே."

"கூட்டி வர ஆள் தேவைப்படாத ஊரைத்தான்
சொல்லிக்கொண்டிருக்கிறேன், மல்காஸ்."

கொஞ்ச நேரம்
என் குப்பைப் பை சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குள் படிக்கட்டில் கூட்டம்.
கதவிடுக்கு வழியே ஆளாளுக்கு ஒரு நகரத்தைத்
தள்ளிவிட்டார்கள் உள்ளே.
கடல் இல்லாத ஊர் ஊரா, பதூமிக்குப் போ, என்றார் லமாரா.
ஸ்கேட்போர்டைக் கண்டால் கத்தாத கிழவர்கள் வேண்டும்,
இது ஏழாம் மாடிப் பையன்.
யாரோ அடித்தொண்டையில்
"வாடகை!" என்றார்கள்.
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
ஒன்பது மாடியும் ஆமாம் போட்டது.

எனக்கும் ஒன்று சொல்ல இருந்தது.
பெக்கினி சாலையில், காதில் மஞ்சள் வில்லை குத்திய தெருநாய்.
பச்சை விளக்கு வரும்வரை காத்திருந்து
எங்களோடு சேர்ந்து கடக்கும்.
ஆளுக்கொரு பேர் வைத்திருக்கிறோம்.
எல்லாப் பேருக்கும் வாலாட்டும்,
எதற்கும் திரும்பிப் பார்க்காது.
வாயெடுத்தேன்.
தர்பூசணிச் சாறு
மார்லூஸின் வெள்ளைச் செருப்பை எட்டிவிட்டது.
"மன்னிக்கணும்" என்பதோடு முடிந்தது என் கட்சி.

அவள் செருப்பைப் பார்க்கவில்லை.
"எங்கள் ஊரில் லிஃப்ட் நிற்காது" என்றாள் மெதுவாக.
"அதனால் இப்படி ஒரு பேச்சும் நடக்காது.
இதுவும் ஒரு அழகுதான், இல்லையா?"

"இல்லை" என்றார் சியாலா.
"போன மாதம் ஆறாம் மாடி வாலிகோவை
சமையலறை நாற்காலியோடு கட்டி,
படிப்படியாய் இறக்கினோம் ஆம்புலன்சுக்கு.
மூன்றாம் மாடியில் இளைப்பாற நின்றபோது
எங்களிடம் மன்னிப்புக் கேட்டார் அந்த மனுஷர்.
உன் நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போடு."

பிறகு யாரும் பேசவில்லை.
மெக்கானிக் வந்து எதையோ தட்டினார்,
எங்களையா லிஃப்டையா என்று தெரியாமல் திட்டினார்.
சட்டென்று ஒன்பதுக்குப் போய்க் கதவு திறந்தது.
மூவரும் இறங்கினார்கள்.
மார்லூஸ் நோட்டைச் சுவரில் வைத்து எழுதினாள்.
எட்டிப் பார்த்தேன்:
லிஃப்ட், மூன்று.

நான்காவது போடலாமே என்று
வாதாடப் போனேன்.
கதவு மூடிக்கொண்டது.
நானும் என் நாற்றமும்
இலவசமாய் இறங்கினோம்,
ஏழைத் தாண்டும் வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு.